டிஇசட் 350: மூணு பெட்டியில் வந்த இன்ஜின், எதை முதலில் அளப்பது, எதை வாங்குவது?

(பைக் மன்ற உரையாடல்; ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவர் பேர்.)

ஒற்றைவடம்

யமஹா டிஇசட் 350, ரெண்டு சிலிண்டர், ரெண்டு ஸ்ட்ரோக் ரேஸ் பைக். 1977 டி மாடல்னு சொல்லி வந்தது. ஃப்ரேம் மோனோஷாக் (பின்னாடி ஒரே ஷாக்), முன்பக்கம் டிஸ்க். இன்ஜின் முழுக்கப் பிரிச்சு மூணு அட்டைப்பெட்டியில. கிராங்க் ஒண்ணு, சிலிண்டர் ரெண்டு செட், பிஸ்டன் ஆறு, மிகுனி விஎம்34 கார்ப் (கார்புரேட்டர்) ரெண்டு, ஹிட்டாச்சி சிடிஐ இக்னிஷன், கேஸ்கட் ஒரு கவர் நிறைய. சிலிண்டர்ல எது ஒரிஜினல், எது பின்னாடி ஸ்லீவ் (உள்ள இறக்குற இரும்புக் குழாய்) போட்டதுன்னு தெரியல.

மூணு கேள்வி:
1. எந்த வரிசையில அளந்துட்டு வரணும்?
2. ஜப்பான் ஏலத்துல 'டிஇசட் பாகம்'னு வர்றதை நம்பி வாங்கலாமா?
3. "ஆர்டி 350 (யமஹாவோட தெரு வண்டி) சாமான் அப்படியே உக்காரும்"னு ஒரு மெக்கானிக் சொல்றார். எவ்வளவு தூரம் உண்மை?

விபிளாக்

முதல்ல ஒரு ரூபாய்க்குக் கூட சாமான் வாங்காதீங்க. கையில இருக்கிறது என்னன்னு தெரிஞ்சப்புறம் வாங்கலாம்.

கேஸ்ல (கிராங்க் உக்காரற கூடு) அடிச்சிருக்கிற நம்பர்ல ஆரம்பிங்க. டிஇசட் 350-க்கு 383, டிஇசட் 250-க்கு 430. ரெண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) ஒண்ணுதான், 54 மி.மீ.; போர் (சிலிண்டரோட உள் விட்டம்) மட்டும் 250-ல 54, 350-ல 64. அதனால 250 கேஸ் மேல 350 சிலிண்டர் உக்கார்ந்த இன்ஜின்கள் ரேஸ் காலத்துலயே நிறைய. கேஸ்ல 430-னு அடிச்சிருந்தா பதற வேண்டாம். ஆனா விலை பேசுறப்போ அது 350 கேஸ் இல்லைங்கிறது நினைவிருக்கட்டும்.

அடுத்து பெட்டியில உள்ள சாமான்ல கவர் ஒட்டியிருந்தா பார்ட் நம்பரைப் பாருங்க. பழைய யமஹா நம்பர் மூணு துண்டு: முதல் மூணு இலக்கம் மாடல், நடு அஞ்சு இலக்கம் அது என்ன சாமான்ங்கிறது, கடைசி ரெண்டு திருத்தம். நடுத்துண்டுதான் முக்கியம். 11311 சிலிண்டர், 11631 பிஸ்டன், 11651 கனெக்டிங் ராடு, 11400 கிராங்க் அசெம்பிளி, 11181 ஹெட் கேஸ்கட், 11351 பேஸ் கேஸ்கட், 16321 கிளட்ச் ஃபிரிக்‌ஷன் பிளேட். 93-ல ஆரம்பிச்சா எல்லா மாடலுக்கும் பொதுவான சாமான்: 93306 பால் பேரிங், 93310 நீடில் பேரிங், 93101, 93102 ஆயில் சீல், 93210 ஓ-ரிங்.

ஒரு சாமான் எந்த மாடலுக்காக முதல்ல செஞ்சாங்களோ அந்த மாடல் எண்ணோடயே கடைசி வரைக்கும் வரும். அதனால டிஇசட் பார்ட்ஸ் லிஸ்ட்ல தெரு வண்டியோட எண் வந்தா தப்பான சாமான்னு தூக்கிப் போடாதீங்க. மறுபக்கம், விக்கிறவர் கேக்கிற விலைக்கு அது சாதாரண தெரு வண்டி சாமான்தான்னு கண்டுபிடிக்கவும் இதே வழி.

சிலிண்டருக்கு காந்தம். ஃபிரிட்ஜ்ல ஒட்டுற மெல்லிசு காந்தம் வேண்டாம், சின்ன நியோடிமியம் காந்தத்தை நூல்ல கட்டி போருக்குள்ள இறக்குங்க. சுவர்ல 'டப்'புனு ஒட்டிக்கிட்டா இரும்பு ஸ்லீவ். நூல் லேசா சாய்ஞ்சு மெதுவா இழுபட்டா நிக்கல் பூச்சு, அதாவது யாரோ நிகாசில் போட்டிருக்காங்க. அசையவே இல்லைன்னா அலுமினியம் மேல ஒரிஜினல் குரோம்.

குரோம் போரை டார்ச் அடிச்சு எக்ஸாஸ்ட் போர்ட்டோட மேல் விளிம்புல பாருங்க. உரியுறது பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கும். ஊசிமுனை அளவுக்கு அலுமினியம் வெளியே தெரிஞ்சாலே அந்த சிலிண்டர் ஓடாது. குரோம் தகடு உதிர்ந்தா பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவுல போய் நிக்கும்.

தேய்ந்தகியர்

மூணாவது கேள்விக்கு நான் சொல்றேன்.

நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரிஞ்சது 1983-ல எஸ்கார்ட்ஸ் இறக்கின ராஜ்தூத் 350. அதுவும் 64 போர், 54 ஸ்ட்ரோக், 347 சிசிதான். ஆர்டியும் டிஇசட்டும் ஒரே குடும்பம், அதுல பொய் இல்ல. ஆனா ஆர்டி ஏர் கூலிங், இன்டேக்ல ரீட் வால்வ் (ஒரு பக்கம் மட்டும் திறக்கிற மெல்லிசு இதழ்). டிஇசட் வாட்டர் கூலிங், ரீட் கிடையாது, பிஸ்டன் பாவாடைதான் போர்ட்டைத் திறந்து மூடும். ஆர்டியில கிளட்ச் ஆயிலுக்குள்ள, டிஇசட்ல வெளியே காய்ஞ்ச கிளட்ச்.

அதனால சிலிண்டர், ஹெட், பிஸ்டன், கிளட்ச், கார்ப், இக்னிஷன்னு பெரிய சாமான் எதுவும் பொருந்தாது. ஆர்டி பிஸ்டனும் 64 மி.மீ. தானேன்னு போட்டுப் பாக்கிறவங்க இருக்காங்க. ரீட் வச்ச இன்ஜினோட பிஸ்டன்ல இன்டேக் பக்கம் ஜன்னல் வெட்டியிருக்கும். அதை பிஸ்டன் போர்ட் சிலிண்டர்ல போட்டா இன்டேக் மூடவே மூடாது.

சீல், சர்க்கிளிப், சில பேரிங் பொருந்தலாம். அதையும் 93 நம்பர் ஒண்ணான்னு பார்த்துட்டு. மெக்கானிக் வாயை நம்பி வேண்டாம்.

லேத்மேடை

சிலிண்டரை விட முதல்ல கிராங்க். மிச்சமெல்லாம் அதுக்கு மேலதான் நிக்குது.

நாலு ஃபிளைவீல் பிரஸ் பண்ணி சேர்த்த கிராங்க் இது, 180 டிகிரி. வெளிப்பக்கம் ரெண்டு பேரிங்கையும் வி-பிளாக்ல வச்சு, டயல் கேஜை ரெண்டு முனையிலயும் நடுவுலயும் வச்சு மெதுவா சுத்துங்க. ஊசி மொத்தமா அசையற தூரம் 0.03 மி.மீ. தாண்டக் கூடாது. ரேஸ் இன்ஜினுக்கு 0.02-க்குள்ள கேளுங்க. 'பரவாயில்ல, ஓடும்'னு சொல்ற பட்டறையில கொடுக்காதீங்க. தெரு வண்டியில ஓடும். இது பத்தாயிரம் ஆர்பிஎம் பக்கம் போற சாமான்.

வளைவு மட்டும் போதாது, முறுக்கும் பாருங்க. டிகிரி வீல் மாட்டி ரெண்டு சிலிண்டருக்கும் டிடிசி (பிஸ்டன் மேல் உச்சிக்கு வர்ற இடம்) எடுங்க. நடுவுல 180 வரணும். ஒரு தடவை சீஸ் ஆன (பிஸ்டன் சிலிண்டர்ல பிடிச்சுக்கிட்ட) இன்ஜினோட கிராங்க்ல, இல்லைன்னா கிளட்ச்சை 'டக்'குனு விட்டு விட்டு ஸ்டார்ட் எடுத்த கிராங்க்ல ஃபிளைவீலைச் சேர்க்கிற பின் நழுவியிருக்கும். ஒரு டிகிரி நழுவினாலும் ஒரு பக்க டைமிங் கிட்டத்தட்ட 0.2 மி.மீ. தள்ளிப் போயிடும். ஒரு பக்க பிஸ்டன் மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டையாகிற இன்ஜின்ல கார்பை நோண்டிட்டு இருப்பாங்க. உண்மையில கிராங்க் முறுக்கியிருக்கும்.

மெயின் பேரிங் வாங்குறப்போ கவனம். வெளி வளையத்துல டவல் பின்னுக்கு (வளையம் சுத்தாம பிடிக்கிற ஆணி) ஒரு ஓட்டை இருக்கும். கடையில கிடைக்கிற அதே அளவு பேரிங்ல அந்த ஓட்டை இருக்காது. 'சைஸ் சரியாத்தானே இருக்கு'ன்னு பின்னைப் பிடுங்கிட்டுப் போட்டா, சூட்டுல கேஸ் விரியறப்போ வளையம் கேஸுக்குள்ள சுத்தும். பேரிங் மிச்சம் பிடிக்கப் போய் கேஸ் போயிடும். ஓட்டையோட வர்ற பேரிங்தான் வேணும், கிளியரன்ஸ் கேட்லாக்ல போட்டிருக்கிற மாதிரி.

பெட்டியில வந்த கனெக்டிங் ராடு பளபளன்னு இருந்தாலும் மறுபடி போடாதீங்க. எத்தனை கி.மீ. ஓடுச்சுன்னு யாருக்கும் தெரியாது. டிஇசட் கிராங்குக்கு ஆயுசு கி.மீ. கணக்குதான், வருஷக் கணக்கு இல்ல. புது ராடு கிட், பிக் எண்ட் பேரிங், வாஷர் எல்லாம் ஒரே இடத்துல செட்டா வாங்குங்க. இல்லைன்னா ஜெர்மனியில ஹோக்லே மாதிரி கிராங்கே செய்யறவங்க இருக்காங்க. காசு ஆகும், ஆனா கேள்வி இருக்காது.

தோஜிமோனோ

ஜப்பான் பக்கம்.

யாஹூ ஆக்‌ஷன்ல நேரடியா வெளிநாட்டுக்காரங்க வாங்குறது கஷ்டம். பையீ, ஜென்மார்க்கெட் மாதிரி இடைத்தரகு சர்வீஸ் வழியாத்தான். ஆங்கிலத்துல தேடினா கிடைக்கிறது கொஞ்சம், விலையும் ஏறியிருக்கும். ஜப்பானிய எழுத்துல தேடுங்க. தெரிஞ்சுக்க வேண்டிய வார்த்தை நாலு:

'ஷிஹான் ரேஸர்': கடையில வித்த ரேஸ் வண்டி. டிஇசட், ஹோண்டா ஆர்எஸ், சுசுகி ஆர்ஜிபி எல்லாம் இந்தத் தலைப்புலதான் விழும்.
'தோஜிமோனோ': அந்தக் காலத்து ஒரிஜினல்.
'ஹைபான்': கம்பெனி நிறுத்தின சாமான்.
'ஜன்க்கு': ஓடுமா ஓடாதான்னு கேக்கக் கூடாது, திருப்பியும் தரக் கூடாது. ரேஸ் சாமான்ல பாதி இந்தப் பேர்லதான் வரும், பயப்பட வேண்டாம். ஆனா படத்துல காட்டாத பக்கம்தான் உடைஞ்சிருக்கும்னு வச்சுக்கிட்டு விலை போடுங்க.

சிலிண்டர் படம்னா போருக்குள்ள தெரியணும். கேஸ் படம்னா அடிப்பக்கமும், செயின் ஸ்ப்ராக்கெட் பின்னாடி இருக்கிற இடமும் தெரியணும். செயின் அறுந்து அடிச்சா அங்கேதான் விரிசல். ரேடியேட்டர்னா மவுண்ட் வெல்டிங். படம் இல்லைன்னா கேளுங்க, பெரும்பாலும் அனுப்புவாங்க.

முழு இன்ஜின் வாங்கினா ஆயிலும் பெட்ரோலும் சொட்டு இல்லாம வடிச்சு, கழுவி அனுப்பச் சொல்லுங்க. வாசனை வந்தாலே விமானச் சரக்குல நிறுத்திடுவாங்க. எக்ஸாஸ்ட் சேம்பரும் ஃபேரிங்கும் எடை கம்மி, ஆனா பெட்டி அளவுக்குத்தான் காசு. சேம்பர் ஒரு ஜோடி வாங்குற விலையை விட அனுப்புற விலை அதிகமாகிறது சகஜம்.

ஐரோப்பாவுல சிஎம்எஸ்என்எல்ங்கிற இணையக் கடையில பழைய யமஹா பார்ட் நம்பர் போட்டுத் தேடலாம். சாமான் இல்லைன்னாலும் வரைபடம் பார்க்க உதவும். இங்கிலாந்துல யாம்பிட்ஸ் ரெண்டு ஸ்ட்ரோக் யமஹாவுக்கே இருக்கிற கடை. கியர் செட் வேணும்னா நோவாங்கிற கம்பெனி.

விபிளாக்

மேல சொன்னதுக்கு ஒரு எச்சரிக்கை. 'தோஜிமோனோ'ன்னு பிரிக்காத கவர்ல வர்ற எல்லாமே பொக்கிஷம் இல்ல.

பழைய புதுசு (அப்போ செஞ்சு, மாட்டாமலே வச்சிருந்தது) வாங்கலாம்: கியர், ஷிஃப்ட் ஃபோர்க், கேஸ், ஹெட், கிளட்ச் பாஸ்கெட், கார்ப் உடம்பு, பிரேக் டிரம். பிஸ்டனும் வாங்கலாம், மைக்ரோமீட்டர்ல அளந்துட்டு.

வாங்கவே கூடாது: ஆயில் சீல், ஓ-ரிங், இன்டேக் ரப்பர், பிரேக் ஹோஸ், டயர். 40 வருஷம் கவருக்குள்ள இருந்த சீல் கையில பார்க்க புதுசு மாதிரி இருக்கும். உதட்டை விரலால மடிச்சா மடியாது, அல்லது மயிரிழை மாதிரி கோடு விடும். அந்தக் கோடு வழியா காத்து போச்சுன்னா மிக்ஸ் லீன் ஆகி (காத்து அதிகம், பெட்ரோல் கம்மி) பிஸ்டன் போயிடும். அளவு பார்த்து இன்னைக்குத் தயாரிச்ச சீல் வாங்குங்க. உதடு வைட்டனா (சூடு தாங்குற ரப்பர்) இருந்தா நல்லது.

கேஸ் மூடுறதுக்கு கேஸ்கட் கிடையாது. யமாபாண்ட் 4 அல்லது த்ரீபாண்ட் 1215, ரெண்டு முகத்துலயும் பேப்பர் கனத்துக்கு. பழைய பசையை எமரி தாளால தேய்க்காதீங்க, முகம் பள்ளமாயிடும். தின்னர், பிளாஸ்டிக் சுரண்டி போதும். போல்ட் பக்கத்துலயே கேஸ்ல எண் வார்த்திருக்கும். அந்த வரிசையில, ரெண்டு சுத்தா இறுக்கணும்.

தோஜிமோனோ

சீல் விஷயத்துல சண்டை இல்ல. ஆனா இக்னிஷன்ல ஒரிஜினல் ஹிட்டாச்சியைத் தூக்கிப் போடச் சொல்லிடாதீங்க. இன்னைக்கு முழுமையான டிஇசட்டுக்கு விலை வர்றதே இந்த மாதிரி சாமான்லதான். ஓடுற ஹிட்டாச்சி செட்டுக்கு அலையறவங்க இருக்காங்க.

லேத்மேடை

தூக்கிப் போட யாரு சொன்னா? துணியில சுத்தி, எந்த வண்டியோடதுன்னு எழுதி, அலமாரியில வைங்க. ஓட்டுறதுக்கு பிவிஎல்னு வர்ற புது இக்னிஷன் செட்.

ஹிட்டாச்சியில பெரிய தொல்லை, அது ஒரேயடியா சாகாது. குளிர்ல அருமையா ஓடும். பத்து நிமிஷம் கழிச்சு சூடானதும் மேல் ஆர்பிஎம்ல வெட்டும். ஆறினா மறுபடி சரியாயிடும். எல்லாரும் அதை கார்ப் பிரச்சினைன்னு நினைச்சு மெயின் ஜெட்டை (கார்புல பெட்ரோல் அளவு வைக்கிற ஓட்டை) குறைப்பாங்க. குறைச்ச ஜெட்டோட அடுத்த நாள் குளிர்ல நல்லா ஓடும், லீன்ல சீஸ் ஆகும். பழைய இக்னிஷன் சாகறப்போ பிஸ்டனையும் கூட்டிட்டுப் போறது இப்படித்தான். சந்தேகம்னா காயிலை ஹேர் டிரையரால சூடாக்கிட்டே ரெசிஸ்டன்ஸ் பாருங்க. சூட்டுல மதிப்பு தாறுமாறா குதிச்சா அதுதான் ஆள்.

பிவிஎல் மாட்டுறப்போ ரெண்டு விஷயம். ஒண்ணு, ரோட்டர் எந்தப் பக்கம் சுத்துதுன்னு சொல்லித்தான் வாங்கணும். கியர்ல போட்டு பின்சக்கரத்தை முன்னோக்கித் தள்ளி, ரோட்டர் பக்கம் நின்னு பாருங்க. அந்த திசையைச் சொல்லுங்க. ரெண்டு, அந்த ரோட்டரை சாவி இல்லாம டேப்பர் பிடிப்புலயே நிறுத்துவாங்க. அதனால டேப்பரை வால்வ் கிரைண்டிங் பேஸ்ட் வச்சு கையால ராவணும். ரோட்டர் உள்பக்கம் முழுக்க ஒரே சாம்பல் நிறம் வரணும். திட்டுத் திட்டா வந்தா பத்தாது. அப்புறம் பேஸ்ட் துகள் ஒண்ணும் மிச்சமில்லாம தின்னர்ல கழுவி, காய வச்சு, எண்ணெய் படாம மாட்டணும். விரல் எண்ணெய் பட்டாக் கூட நழுவும்.

டைமிங் டிடிசிக்கு முன்னாடி 2.0 மி.மீ., ஏறக்குறைய 20 டிகிரி. பிளக் ஓட்டை வழியா டயல் கேஜ் விட்டு வைங்க. பம்ப் பெட்ரோல்தான் கதின்னா 1.8-ல ஆரம்பிங்க. ரெண்டு சிலிண்டரையும் தனித்தனியா பாருங்க, ஒண்ணைப் பார்த்துட்டு இன்னொண்ணு சரியா இருக்கும்னு விடாதீங்க.

ஒற்றைவடம்

அளந்துட்டேன்.

கேஸ் நம்பர் 383. சிலிண்டர் ஒரு செட் காந்தம் ஒட்டவே இல்ல, எக்ஸாஸ்ட் விளிம்புல ஒரு கடுகு அளவு உரிஞ்சிருக்கு. இன்னொரு செட் 'டப்'புனு ஒட்டுது. கிராங்க் நடுவுல 0.05. டிடிசி இடைவெளி 181.

இரும்பு ஸ்லீவ் செட்டையும் பழைய பிஸ்டனையும் சும்மா உக்கார வச்சு ஸ்குவிஷ் (பிஸ்டன் உச்சியில நிக்கறப்போ ஓரத்துல ஹெட்டுக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி) பார்த்தேன், 1.4 மி.மீ. ஹெட் அறை பியூரெட்ல 16.5 சிசி. ஸ்லீவ் செட்டையே போட்டுடலாமா? ஸ்குவிஷுக்கு பேஸ் கேஸ்கட்டை மெலிசா மாத்தினா போதுமா?

லேத்மேடை

0.05-ம் 181-ம் ஒரே கதையைத்தான் சொல்லுது. நடுப் பின் நழுவியிருக்கு. பிரிச்சு, புது ராடு கிட்டோட மறுபடி பிரஸ் பண்ணியே ஆகணும். நழுவின பின்னை அப்படியே திரும்ப அடிக்காதீங்க. ஓட்டையோட பிடிப்பை அளக்கணும், தேய்ஞ்சிருந்தா அந்த ஃபிளைவீல் முடிஞ்சுது.

விபிளாக்

ஸ்லீவ் வேண்டாம். அலுமினியத்துக்குள்ள இரும்பு ஸ்லீவ் போட்டா வெப்பம் தண்ணிக்குப் போற வழி குறையும். ரெண்டும் விரியற அளவும் வேற. போர்ட் பக்கத்துல ஸ்லீவ் லேசா நெளிஞ்சாலே பிஸ்டன் அங்க பிடிக்கும். பார்வைக்கு வைக்கிற வண்டின்னா பரவாயில்ல.

குரோம் செட்டை நிகாசில் போட அனுப்புங்க. வரிசை முக்கியம்: முதல்ல குரோமை எடுக்கணும், அப்புறம் உரிஞ்ச இடத்துல அலுமினியம் வெல்டிங், அப்புறம் போர்ட் வேலை ஏதாவது இருந்தா அது, கடைசியா பூச்சு. பூசினப்புறம் போர்ட்டைத் தொட்டா விளிம்புல பூச்சு பெயர்ந்துடும். பிஸ்டனைக் கூடவே அனுப்புங்க, அவங்க பிஸ்டனுக்கு ஏத்த மாதிரி ஹோன் பண்ணித் தருவாங்க. வார்ப்பு பிஸ்டன்னா விட்டக் கணக்குல 0.06 மி.மீ. இடைவெளி. ஃபோர்ஜ் பண்ணின பிஸ்டன்னா அதிகம் வேணும், பிஸ்டன் கம்பெனி தாள்ல போட்டிருப்பாங்க. பாவாடை அடியிலிருந்து 10 மி.மீ. மேல, பிஸ்டன் பின்னுக்குக் குறுக்கா அளக்கணும். வந்ததும் போர்ட் விளிம்பை நகத்தால தடவிப் பாருங்க. நகம் மாட்டினா ரிங் மாட்டும். விளிம்பு சரிவு சுமார் 0.5 மி.மீ. இருக்கணும். பூச்சுப் போரை நம்ம ஊர் சாதாரண ஹோனிங் கல்லால 'பளபளன்னு ஆக்குறேன்'னு யாரும் தொடக் கூடாது.

ஸ்குவிஷ்: பேஸ் கேஸ்கட்டைக் குறைச்சா சிலிண்டரே இறங்கும். எக்ஸாஸ்ட் தாமதமா திறக்கும், மேல் ஆர்பிஎம் போயிடும். ஹெட் முகத்தை லேத்ல சீவுங்க. கணக்கு இதோ: 64 போருக்கு பரப்பு 32.17 ச.செ.மீ. அதனால 0.5 மி.மீ. சீவினா ஒவ்வொரு அறையிலயும் 1.6 சிசி குறையும். ஒரு சிலிண்டர் 173.7 சிசி. இப்போ 16.5 சிசிக்கு கம்ப்ரஷன் 11.5, சீவினா 14.9 சிசி, 12.7. ஸ்குவிஷ் 0.9. நல்ல பெட்ரோலுக்கு இது சரியா வரும்.

ஆனா இப்போ சீவாதீங்க. புது ராடு, புது பிஸ்டன், பூசின சிலிண்டர் எல்லாம் சேர்ந்தப்புறம் மறுபடி அளந்துட்டு. 1.5 மி.மீ. சால்டர் கம்பியை பிஸ்டன் பின்னோட அச்சுக்கு நேர் மேல, ரெண்டு ஓரத்துலயும் வைங்க. முன்னும் பின்னும் வச்சா பிஸ்டன் ஆடி தப்பு அளவு காட்டும்.

ஆமணக்கு

எரிபொருளைப் பத்தி யாரும் பேசல.

இந்தியாவுல ஓட்டப் போறீங்கன்னா பம்ப்ல வர்றது 20 சதவீதம் எத்தனால். சுத்தமான பெட்ரோலுக்குக் காத்து விகிதம் 14.7, இந்தக் கலவைக்கு 13.5 பக்கம். அதாவது அதே காத்துக்கு 8 சதவீதம் அதிக எரிபொருள் வேணும். பழைய மேனுவல்ல 230 மெயின் ஜெட்னு இருந்தா 250-ல ஆரம்பிக்கணும். இதைப் பார்க்காம 'மேனுவல் படிதான் போட்டேன்'னு வர்ற சீஸ்கள் நிறைய. ஜெட்டும் ஒரிஜினல் மிகுனியா இருக்கட்டும். டூப்ளிகேட்ல நம்பர் ஒண்ணு, ஓட்டை ஒண்ணு.

டேங்க் பழைய ஃபைபர்கிளாஸா இருந்தா எத்தனால் அதோட ரெசினை இளக வைக்கும். ஜெட்ல தேன் மாதிரி பசை வந்தா காரணம் அதுதான். ரேஸ் பெட்ரோல் கிடைச்சா அதையே வைங்க.

ஆயில்: அந்தக் காலத்துல ஆமணக்கு எண்ணெய் அடிப்படை, 20-க்கு 1. இன்னைக்கும் ஆமணக்கு நல்லாத்தான் காப்பாத்தும், ஆனா சும்மா நிறுத்தி வச்சா ரிங் பள்ளத்துல வார்னிஷ் மாதிரி காய்ஞ்சுடும். மாசக்கணக்கா நிக்கப் போற வண்டிக்கு செயற்கை அல்லது கலப்பு ஆயில் நல்லது. மினரல் ஆயிலோட ஆமணக்கைக் கலக்காதீங்க, கலக்காது, அடியில தங்கும். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாறினா டேங்க், குழாய், கார்ப் முழுக்கக் கழுவிட்டு.

ரேடியேட்டர்ல டிஸ்டில்டு வாட்டர். டிராக்ல கிளைகால் கலந்த கூலன்ட் விட மாட்டாங்க, கொட்டினா வழுக்கும். வெறும் தண்ணின்னா ஓட்டி முடிச்சதும் வடிச்சுடுங்க, இல்லைன்னா ஹெட் உள்ள அரிக்கும். தண்ணி 60 டிகிரி தொடாம இழுக்காதீங்க. ஓடறப்போ 65, 70-ல நிக்கணும். குளிர்ந்தா ரேடியேட்டர்ல டேப் ஒட்டிச் சரி பண்ணலாம்.

எக்ஸாஸ்ட் சேம்பர் கடைசி குழாயோட உள் விட்டத்தையும் அளந்துடுங்க. கார்பன் படிஞ்சு ரெண்டு மி.மீ. சின்னதானா சிலிண்டர் சூடு எங்கயோ போகும். வெளியே குரோம் போட்டு மினுக்கி வச்சிருப்பாங்க, உள்ள அடைஞ்சிருக்கும்.

தேய்ந்தகியர்

ஃப்ரேம் பத்தி ஒரு வார்த்தை. இவர்து ஒரிஜினல் மோனோஷாக்தான். ஆனா படிக்கிற மத்தவங்களுக்காக: டிஇசட் இன்ஜின் ஸ்பாண்டன், ஹாரிஸ், மேக்ஸ்டன், நிகோ பாக்கர் ஃப்ரேம்ல இருந்தா 'யாரோ மாத்திட்டாங்க'ன்னு நினைச்சு யமஹா ஃப்ரேம் தேடி அலையாதீங்க. அந்தக் காலத்து ரேஸ்காரங்களே அப்படித்தான் ஓட்டினாங்க. 1973, 74 ஏ, பி மாடல்னா மட்டும் முன்பக்க டிரம் பிரேக் இருக்கான்னு முதல்ல பாருங்க. நாலு லீடிங் ஷூ டிரம் தனியா கழட்டி விக்கப்படுற சாமான். அது இல்லாத ஏ, பிக்கு விலை அதுக்கேத்த மாதிரி.

ஒற்றைவடம்

கிராங்க் புது ராடோட 0.015, டிடிசி இடைவெளி 180. சிலிண்டர் நிகாசில் முடிஞ்சு வந்தது. ஸ்குவிஷ் 0.9-க்கு ஹெட் சீவியாச்சு. கேஸ் மூடி, பிரஷர் டெஸ்ட் போட்டேன். இடது சிலிண்டரோட இன்டேக்கும் எக்ஸாஸ்டும் ரப்பர் தட்டு வச்சு அடைச்சு 6 பிஎஸ்ஐ ஏத்தினா அஞ்சு செகண்டுல பூஜ்யம். சோப்புத் தண்ணி எங்கயும் நுரைக்கல. நடு சீல் போச்சா? மறுபடி கேஸ் பிரிக்கணுமா?

விபிளாக்

பிரிக்காதீங்க. நடுவுல இருக்கிறது உதடு வச்ச சீலே இல்ல, லாபிரிந்த் சீல். வரி வரியா வெட்டின உலோகம், தொடாம சுத்துறது. நின்ன நிலையில அது காத்தை விடத்தான் செய்யும். வேகமா ஓடறப்போ அந்த இடைவெளி வழியா போற அளவு பொருட்டே இல்ல. உங்க காத்து வலது பக்கத்துக்குப் போய் அங்க திறந்திருக்கிற கார்ப் வாய் வழியா வெளியே போகுது.

ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடைங்க, ரெண்டு பிளக்கும் போடுங்க, ஒரு பக்கம் மட்டும் பம்ப். 6 பிஎஸ்ஐ, நிமிஷத்துக்கு ஒரு பிஎஸ்ஐக்கு மேல விழக் கூடாது.

விழுந்தா இடது சீல் ரோட்டருக்குப் பின்னாடி, சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்க்கலாம். வலது சீல் பிரைமரி கியருக்குப் பின்னாடி கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு கியர்பாக்ஸ் பிரீதர் குழாயில ஒரு டியூப் மாட்டி, மறுமுனையை டம்ளர் தண்ணியில விடுங்க. குமிழ் வந்தா வலது சீல். அது கசிஞ்சா ஓடறப்போ கியர் ஆயிலை உறிஞ்சும், ஒரு பக்க சேம்பர் மட்டும் புகையும்.

ஒற்றைவடம்

ரெண்டும் அடைச்சுப் போட்டேன். முதல் நிமிஷத்துல 6-ல இருந்து 3. டம்ளர்ல குமிழ் இல்ல, ரோட்டர் பக்கம் நுரை இல்ல. கடைசியில வலது இன்டேக் ரப்பர், உலோகத்தோட ஒட்டின ஓரத்துல ஒரு மயிரிழை வெடிப்பு. பெட்டியோட வந்த பழைய ரப்பர் அது. இன்னைக்குத் தயாரிச்ச ரப்பர் ஜோடி ஆர்டர் போட்டாச்சு. அது வரைக்கும் இடது பக்க ரப்பரை வலதுல மாட்டி, இடதுல நேரா போர்ட் முகத்துலயே தட்டு வச்சு அடைச்சுப் பார்த்ததுல ஆறு நிமிஷத்துக்கு 6-ல இருந்து 5.

விபிளாக்

போதும். புது ரப்பர் வந்ததும் ரெண்டு பக்கமும் மாட்டி இன்னொரு தடவை டெஸ்ட் போட்டுட்டு, அப்புறமா தண்ணி ஊத்துங்க.